பையைப் பார்த்துக்கொள்பவர்கள்

மார்கழி விடுமுறைக்கு நியூஜெர்சியிலிருந்து பேரன் வந்திருக்கிறான். 11 வயது. மயிலாப்பூரில் அவனுக்குப் பிடித்தவை மூன்றுதான்: குளத்தங்கரை வாத்துக்கள், மாட வீதியில் ஆட்டோ சவாரி, பாட்டி செய்யும் அடை. நான்காவதாக ஒன்றைப் போன வாரம் சேர்த்துக்கொண்டான்.

"தாத்தா, சென்னைல டிஸ்னி மாதிரி ஒண்ணு ஓப்பன் பண்ணியிருக்காளாமே?"

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவைச் சொல்கிறான். 2000-ல் கொச்சியில் 'வீகாலேண்ட்' என்று ஆரம்பித்தவர்கள், பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று போய்விட்டு இப்போது நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள். அங்குள்ள பெரிய ரோலர் கோஸ்டருக்குத் 'தஞ்சோரா' என்று பெயர். இயந்திரம் சுவிட்சர்லாந்து, பெயர் தஞ்சாவூர். பேரனுக்கு இயந்திரம் பிடித்திருந்தது, எனக்குப் பெயர் பிடித்திருந்தது.

மாட்டுப்பெண் கைபேசியை எடுத்து எத்தனை டிக்கெட் என்று எண்ண ஆரம்பித்தாள். "அம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தானே?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா? இந்த முழங்காலை வெச்சுண்டு நான் எதுல ஏறப்போறேன்? வந்தா ஒரு ஓரமா உட்கார்ந்து எல்லார் பையையும் பார்த்துப்பேன், அவ்வளவுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது. இதே வார்த்தையை 27 வருஷத்துக்கு முன்னால் என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1998 மே மாதம். கத்திரி வெயில். குழந்தைகள் நச்சரித்து, நானும் அத்திம்பேரும் சேர்ந்து ஒரு வேன் வாடகைக்கு எடுத்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். எந்தப் பூங்கா என்பது இப்போது முக்கியமில்லை, பெயர் வேண்டாம். அம்மாவுக்கு அப்போது 71 வயது. அப்பா போனதிலிருந்து வெளியில் சமைத்த எதையும் வாயில் வைப்பதில்லை. அதனால் விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து, குளித்து மடி உடுத்தி, 14 பேருக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் கலந்து, எவர்சில்வர் தூக்கில் அடைத்து, மாவடு ஒரு பாட்டிலில், நறுக்கிய வாழையிலை ஒரு கட்டு என்று எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

வாசலில் நிறுத்திவிட்டார்கள். "சார், வெளிச் சாப்பாடு அலவுட் இல்ல." சொன்ன பையனுக்கு 20 வயது இருக்கும். அவன் மேல் தப்பில்லை, போர்டில் எழுதியிருந்தது. தூக்கு வேனுக்குத் திரும்பிப் போயிற்று. நடுவில் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்றால், வெளியே வந்தால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். உள்ளே சோலா பட்டூரா கிடைத்தது, நூடுல்ஸ் கிடைத்தது. ஓர் இளநீர் கிடைக்கவில்லை.

அம்மா முகம் சுளிக்கவில்லை. "நீங்கள்லாம் போங்கோ. நான் இங்கேயே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கறேன்" என்றாள். பச்சை வலை கட்டிய ஒரு கொட்டகை, அதன் கீழ் சிமெண்ட் பெஞ்சு. பத்தரை மணியிலிருந்து மாலை ஐந்தரை மணி வரை அந்த பெஞ்சில், ஏழு பைகள், எல்லாருடைய செருப்பு, அத்திம்பேரின் மூக்குக் கண்ணாடி, என் மணிபர்ஸ் இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நிழல் நகர நகர பைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு அவளும் நகர்ந்திருக்கிறாள். காலையில் கிழக்கு ஓரத்தில் விட்டுவிட்டுப் போனவளை மாலையில் மேற்கு ஓரத்தில் கண்டுபிடித்தோம். நாள் முழுக்கச் சாப்பிட்டது எப்போதோ கைப்பையில் போட்டிருந்த இரண்டு வாழைப்பழம்.

ஆறு மணிக்கு வேன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிட்டோம். தயிர் சாதம் புளித்துப்போயிருந்தது. "புளியோதரை கெடலை பார்த்தியா? நல்லெண்ணெய் தாராளமா விட்டேன்" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "நன்னாத்தான் இருந்துது. குழந்தைகள் சந்தோஷமா இருந்தாளே, அது போறும்" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "எனக்கு எதுக்கு? நான் ஆத்தைப் பார்த்துக்கறேன்" என்பாள். முதலில் பை, அப்புறம் வீடு. 2006-ல் போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பூங்கா ஒன்றை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது 'உள்ளூர்க் கலாசாரத்துக்கு ஏற்ப அமைத்திருக்கிறோம்' என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சில அபிப்பிராயங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் வாசலில் ஒரு கோபுரம், இரண்டு யானை, தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை, கைகூப்பி நிற்கும் ஒரு கரடி என்று முடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கலாசாரம் என்பது வாசலில் நிற்பது மட்டுமா? மத்தியானம் ஒரு மணிக்கு என்ன சாப்பிடுகிறோம், யாரோடு சாப்பிடுகிறோம், குடும்பத்தில் வயதானவர்களை எங்கே உட்காரவைக்கிறோம் என்பதெல்லாம் கலாசாரம் இல்லையா?

இந்தத் தொழிலில் கொம்பனான டிஸ்னியே இந்தப் பாடத்தைப் பணம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டது. 1955-ல் கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலாந்து. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் போனது டோக்கியோவுக்கு, 1983-ல். அங்கே ஒரு விசித்திரம். இதை ஜப்பானிய மயமாக்க வேண்டாம், அமெரிக்கா எப்படியோ அப்படியே வேண்டும் என்று ஜப்பான்காரர்களே கேட்டார்களாம். சரியென்று அப்படியே கட்டினார்கள். ஆனால் இரண்டு இடத்தில் ஊருக்கு வளைந்துகொடுத்தார்கள். அமெரிக்காவில் திறந்தவெளியாக இருக்கும் முதல் கடைத்தெருவுக்கு டோக்கியோவில் கண்ணாடிக் கூரை போட்டார்கள், அங்கே மழை அதிகம் என்பதால். இன்னொன்று, உள்ளே வெளிச் சாப்பாடு கூடாது என்றாலும், வீட்டிலிருந்து டப்பாவில் கட்டிக்கொண்டு வருவது ஜப்பானியர் வழக்கம் என்பதால், வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் ஒதுக்கினார்கள். சுவரில் ஒரு ஜப்பானியப் படம் வரையாமலே அந்தப் பூங்கா ஜப்பானியர்களுடையதாகிவிட்டது.

அடுத்து 1992-ல் பாரிஸ். சாப்பாட்டோடு ஒயின் இல்லாமல் பிரெஞ்சுக்காரனுக்கு இறங்காது. குடும்பப் பூங்காவில் மதுவா என்று டிஸ்னி மறுத்தது. அது மட்டுமா, அமெரிக்கர்கள் போலப் பிரெஞ்சுக்காரர்களும் நடந்துகொண்டே எதையாவது கொறிப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களோ மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு எல்லாருமாக ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். உணவகங்களில் கூட்டம் நெரிந்தது. ஆரம்ப வருஷங்களில் பூங்காவுக்குப் பெரிய நஷ்டம். 1993-ல் ஒயினை அனுமதித்தார்கள். நஷ்டத்துக்கு ஒயின் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், கடன் வட்டியும் கழுத்தை நெரித்தது. ஆனாலும் சாப்பாட்டு வேளை தெரியாமல் கடை திறந்தவன் கதை அது.

ஹாங்காங் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2005-ல் திறந்தார்கள். நம் வாஸ்து மாதிரி சீனர்களுக்கு ஃபெங்சுயி. அதற்கான நிபுணரைக் கேட்டு, பிரதான வாசலை 12 டிகிரி திருப்பி அமைத்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் பார்த்தார்கள். எல்லாம் பொருத்தமாக இருந்தது. அடுத்த வருஷமே, 2006 சீனப் புத்தாண்டு விடுமுறையில், சீனாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குவிந்துவிட்டார்கள். இத்தனை கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. கையில் டிக்கெட் வைத்திருந்தவர்களையே உள்ளே விடாமல் கதவைச் சாத்தினார்கள். சிலர் கதவின் மேல் ஏறிக் குழந்தைகளை அந்தப் பக்கம் கொடுத்ததைச் செய்தியில் பார்த்த ஞாபகம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். வாசலின் கோணம் சரியாக இருந்து என்ன, பண்டிகையன்று வாசல் மூடியிருந்தால்?

கடைசியாக ஷாங்காய், 2016. இங்கே ரொம்ப முன்னெச்சரிக்கையாக இருந்தார்கள். அமெரிக்கக் கடைத்தெருவையே எடுத்துவிட்டார்கள். சீன ராசிச் சக்கரத்தின் 12 மிருகங்களுக்குப் பதில் டிஸ்னிப் பாத்திரங்களை வைத்து ஒரு தோட்டம் அமைத்தார்கள். ஆனால் வாசலில் பையைத் திறந்து பார்த்துத் தின்பண்டத்தை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். 2019-ல் சட்டம் படிக்கும் ஒரு மாணவி இதை எதிர்த்து வழக்குப் போட்டுவிட்டாள். அமெரிக்காவிலும் பாரிசிலும் இந்தத் தடை இல்லையே, எங்களுக்கு மட்டும் ஏன் என்பது அங்கே பலருடைய கேள்வியாகவும் ஆகிவிட்டது. அந்த வருஷம் செப்டம்பரில் சமரசம். மாணவிக்கு 50 யுவான் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், வெளி உணவைக் கொண்டுவரலாம் என்று விதியை மாற்றினார்கள். சூடாக்க வேண்டியது, குளிர்பெட்டியில் வைக்க வேண்டியது, வாடை அடிப்பது மட்டும் கூடாது.

இதைப் படித்த அன்று அம்மாவை நினைத்துக்கொண்டேன். புளியோதரையைச் சூடாக்க வேண்டாம், குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். பெருங்காயத்தை வாடை என்று எவனாவது சொன்னால் நானே வழக்குப் போட்டிருப்பேன்.

இதையெல்லாம் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் நண்பரிடம் சொன்னேன். பொதுப்பணித் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீங்க சொல்றது சரியில்லை சார்" என்றார். "வெளிநாட்டுச் சரக்குன்னா வெளிநாட்டுச் சரக்காவே இருக்கட்டுமே. பசங்க அதுக்குத்தான் போறாங்க. அங்க போயும் புளியோதரை, தயிர் சாதம்னா அதுக்கு நாகேஸ்வரராவ் பார்க்கே போதாதா?"

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பசங்கள் வேறு ஒரு உலகத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் 'தஞ்சோரா'வைப் பிடுங்கிவிட்டு ராட்டினம் வையுங்கள் என்று சொல்லவில்லை. சரக்கு எந்த ஊராகவும் இருக்கலாம், விருந்தாளியை உட்காரவைக்கும் முறை நம் ஊராக இருக்கட்டும் என்கிறேன். இதை நாம் செய்யாதவர்களும் இல்லை. சென்னை இதில் பழுத்த ஊர்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னை எடுத்துக்கொள்ளுங்கள். காரை நிறுத்தி, காருக்குள்ளேயே தட்டை வாங்கிச் சாப்பிடுவது சுத்த அமெரிக்க யோசனை. 1962-ல் கதீட்ரல் ரோட்டில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் மரங்களுக்கு நடுவில் உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ் அதை ஆரம்பித்தார். அமெரிக்காவில் அந்தத் தட்டில் ஹாம்பர்கர் இருக்கும், இங்கே இட்லி, பூரி கிழங்கு, டிகிரி காபி. கார் இல்லாதவனையும் உள்ளே விட்டார்கள், மரத்தடியில் மணிக்கணக்காக உட்காரவிட்டார்கள். ஒரு காபியை வைத்துக்கொண்டு கதை எழுதியவர்கள், கட்சி பேசியவர்கள், மாப்பிள்ளை பார்த்தவர்கள் எத்தனை பேர்! ஹோட்டல் படியே ஏறமாட்டேன் என்று இருந்த என் அம்மாவே, ஒரு தடவை நண்பரின் அம்பாசடரில் உட்கார்ந்தபடி அங்கே காபி குடித்தாள். கேட்டதற்கு, "இது ஹோட்டல் இல்லையேடா, கார்தானே" என்றாள். அம்மாவின் மடியும் ஒரு வாய் வளைந்து கொடுத்தது. ஏனென்றால் அங்கே யாரும் அவளை நிறுத்தவில்லை. 2008-ல் அதை மூடினார்கள். 2010-லிருந்து அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா. பக்கத்திலேயே 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கிறார்கள், இசைக்கு ஆடும் நீரூற்று இருக்கிறது, கண்ணாடி மாளிகைக்குள் செடிகள் இருக்கின்றன. எல்லாம் வெளிநாட்டு யோசனைதான். மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

விஜிபி கோல்டன் பீச்சில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரை மறக்க முடியுமா? லண்டன் பக்கிங்காம் அரண்மனைக் காவலரைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். ஆனால் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக நம் கோயில் துவாரபாலகர் மாதிரி ஆகிவிட்டார். அவரைச் சிரிக்கவைக்க முயலாத குழந்தை சென்னையில் உண்டா? அதற்கு ரோலர் கோஸ்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பாட்டியும் பேரனும் ஒன்றாக நின்று அழகு காட்டலாம்.

தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா, தொண்ணூறுகளின் நடுவில். 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முதல் இந்திய முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் உருவாக்கியது. பெயர் வைத்ததில் அவருடைய சாமர்த்தியம் பாருங்கள். அயோத்தி என்று வைக்கவில்லை, கிஷ்கிந்தா என்று வைத்தார். வானரங்களின் ஊர். குதித்துக் கும்மாளமடிக்க அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? புராணத்திலிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதற்கு அது நல்ல உதாரணம். சாமியைச் சறுக்கு மரத்தில் உட்காரவைத்தால் எனக்கு மனசு சங்கடப்படும். குரங்குகள் சறுக்கினால் யாருக்கு என்ன?

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996-ல் திறந்தது. பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் நிறுத்தி ஜனங்களை உள்ளே நடக்கவிடுவது ஸ்வீடன் யோசனை. 1891-லேயே ஸ்டாக்ஹோமில் 'ஸ்கான்சென்' என்று அப்படி ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். இங்கே அதை முன்னின்று செய்தவர் அமெரிக்காவில் பிறந்து நம் ஊர் மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன். கட்டட அமைப்பு, இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர். யோசனை வெளியூர், ஆட்கள் வெளியூர், ஆனால் அங்கே செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள், யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. திண்ணை என்பதே வழியில் போகிறவன் உட்காரக் கட்டியதுதானே!

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, நம்முடையதையே எடுத்துக்கொள்வோம். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர். எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெற்று எழுந்த கதையைக் குளக்கரையில் நடத்திக்காட்டுகிறார்கள். பிற்பகலில் 63 நாயன்மாரும் பல்லக்குகளில் மாட வீதி சுற்றுகிறார்கள். ஒரு கதை, அந்தக் கதைக்குள் ஊரே நுழைந்து நடக்கிறது. ராட்டினம், சொப்புச் சாமான், பஞ்சு மிட்டாய், பலூன் எல்லாம் உண்டு. இதைவிடப் பெரிய கேளிக்கைப் பூங்கா எங்கே இருக்கிறது? ஆனால் அன்றைக்கு வீதியில் அடிக்கு அடி எதைப் பார்க்கிறீர்கள்? நீர்மோர்ப் பந்தல். பானகம். யாரோ ஒரு குடும்பம் பெரிய அண்டாவில் புளியோதரை கொண்டுவந்து, தொன்னையில் வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் கொடுக்கிறது. சாப்பாட்டைக் கொண்டுவராதே என்று யாரும் சொல்வதில்லை. நடக்க முடியாத பாட்டிக்கு முன்பின் தெரியாத வீட்டுக்காரர் நாற்காலி போடுகிறார்.

பூங்கா கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எங்கள் கோபுரத்தைக் காப்பியடிக்காதீர்கள், அதைக் கட்டினவர்கள் நன்றாகவே கட்டிவிட்டார்கள். எங்கள் நீர்மோர்ப் பந்தலைக் காப்பியடியுங்கள்.

காரியமாகச் சொல்வதானால் நான்கு விஷயம்.

ஒன்று, சாப்பாடு. வெளிச் சாப்பாட்டை விட்டால் உணவகத்தில் வியாபாரம் குறையும், குப்பை சேரும், கெட்டுப்போனதைச் சாப்பிட்டுவிட்டு எங்களைக் குறை சொல்வார்கள் என்பார்கள். வியாபாரம் குறையலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடும்பத்தில் வெளியே சாப்பிடாதவர் ஒருவர் இருந்தால் அந்தக் குடும்பமே மூன்று மணிக்குள் கிளம்பிவிடுகிறது அல்லது வருவதே இல்லை. அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முழுக்க விட மனமில்லையென்றால் டோக்கியோ மாதிரி வாசலுக்கு வெளியே மரத்தடியில் ஓர் இடம், கை கழுவக் குழாய், கையில் ஒரு முத்திரை குத்தித் திரும்பவும் உள்ளே விடும் வசதி. இதற்கு எத்தனை கோடி ஆகிவிடும்?

இரண்டு, தண்ணீர். எலியட்ஸ் பீச்சுக்கு மாலையில் போய்ப் பாருங்கள். நூறு பேர் வந்தால் குளிக்கிறவர் எத்தனை பேர்? மற்றவர்கள் எல்லாம் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது "ஐயோ" என்று சிரித்தபடி கால் நனைக்கிறவர்கள். கடல் என்றால் நமக்குக் கால் நனைப்பது. நீர் விளையாட்டுப் பூங்காக்களில் புடவையோடு இறங்கக்கூடாது என்கிறார்கள். சறுக்குகளில் துணி சிக்கினால் ஆபத்து, அது நியாயமான விதிதான். ஆனால் கணுக்கால் ஆழத்துக்குப் படிக்கட்டு வைத்த ஒரு சின்னத் துறை, கோயில் குளம் மாதிரி, பிடித்துக்கொள்ளக் கம்பியோடு, கட்டினால் என்ன? என் மனைவி அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

மூன்று, நிழல். சீமை மரங்களைத் தொட்டியில் வைத்துப் பயனில்லை. புங்கை, வேம்பு, பூவரசு வையுங்கள். அதன் கீழ் சாய்மானத்தோடு பெஞ்சு போடுங்கள். முக்கியமாக, அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் குழந்தைகள் ஏறுகிற சவாரி தெரிய வேண்டும். பாட்டிக்கு ராட்டினத்தில் ஏற ஆசை இல்லை, பேரன் ஏறுவதைப் பார்க்க ஆசை. அவன் மேலே போகும்போது கையை ஆட்ட வேண்டும், அவள் பதிலுக்குக் கையை ஆட்ட வேண்டும். என் அம்மாவின் பெஞ்சிலிருந்து தெரிந்தது கழிவறைச் சுவர்.

நான்கு, பை. சின்னதாகத் தோன்றும், ஆனால் இதுதான் பெரிது. சாமான் வைக்கும் பெட்டிகள் பல இடங்களில் இருக்கின்றன, தனி வாடகை. நாலு பேர் குடும்பம் அந்த வாடகையைக் கணக்குப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, 'அம்மா உட்கார்ந்துதானே இருக்கப்போகிறாள்' என்று முடிவு செய்கிறது. டிக்கெட் விலையிலேயே குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று சேர்த்துவிட்டால், எத்தனையோ அம்மாக்கள் அன்றைக்கு விடுதலை ஆவார்கள். சவாரி ஏறாத முதியவர்களுக்குக் குறைந்த சீட்டும் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

எல்லாப் பூங்காவும் இதில் மோசம் என்று சொல்லமாட்டேன். 27 வருஷத்தில் எவ்வளவோ மாறியிருக்கிறது. இப்போது பல இடங்களில் சக்கர நாற்காலி இருக்கிறது, சாய்தளம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். இதை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கே உறைத்தது. 1998-ல் வாசலில் தூக்கை நிறுத்தியது பூங்கா. ஆனால் அம்மாவை ஏழு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தது பூங்காவா? பெரியவர்களே அன்றைக்கு ஆறு பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். அம்மாவைக் கைபிடித்து அழைத்துப்போய், "இதோ பாரு, உன் பேரன் எப்படிச் சுத்தறான் பாரு" என்று காட்டியிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் மூன்று தடவை அலைக் குளத்தில் இறங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது இந்தக் கதையைப் பேரனிடம் சொன்னேன். அடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவன் அம்மாவின் கைபேசியை வாங்கி ஏதோ தட்டினான். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

"தாத்தா, நாம அஞ்சு பேர். பாட்டியை விட்டா நாலு. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் 'பேக் டியூட்டி'. நான் ஃபர்ஸ்ட் எடுத்துக்கறேன், ஏன்னா காலம்பற க்யூ அதிகமா இருக்கும். பாட்டிக்கு டியூட்டி கிடையாது."

"பாட்டி என்னடா பண்ணுவா அப்போ?" என்றேன்.

"அது பாட்டிதான் டிசைட் பண்ணணும்" என்றான்.

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அடையைத் திருப்பிப் போட்டாள். ராத்திரி படுக்கும் முன், "ஏன்னா, வெள்ளிக்கிழமைதானே போறோம்? அந்த கான்வாஸ் ஷூவை எங்கே வெச்சேள்?" என்று மட்டும் கேட்டாள்.